நம் வீட்டுக்கு ஏற்ற குட்டி

என் கண்ணான மருமகளுக்கு,

நாய்க்குட்டி சுகம். உன் சிநேகிதி பானு வீட்டு நாய் போட்ட குட்டிகளில், என் புடவையைப் பிடித்து இழுத்த முரட்டுக் குட்டியைத்தான் நான் கேட்டேன். நீதான், "அத்தை, உங்க முட்டிவலிக்கு அது ஆகாது. நம்ம ஒத்தை ரூமுக்கு இந்தச் சின்னதுதான் சரி" என்று, பொமரேனியனும் தெருநாயும் கலந்த இதை என் மடியில் வைத்தாய். புதுத் தாலியோடு சாங்வியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகுமுன் என்னைத் தனியே விட உனக்கு மனம் வரவில்லை.

என் மகன் கண்ணை மூடியபிறகு நான் படியிறங்கவே இல்லை. இது விடுமா? இன்று கதவைப் பிறாண்டிப் பிறாண்டி, கட்கி கடைத்தெரு வரை என்னை நடக்க வைத்துவிட்டது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரி பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

உனக்கு எப்படி நன்றி சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைக்கிறேன். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அத்தை