இன்னா: போட்டவங்கதான் எடுக்கணும்

என் செல்லச் சண்டைக்காரன் சேகருக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. அழுவதற்காக எழுதவில்லை. அதை நானும் அம்மாவும் முறை வைத்துச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். மதகைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்களிடம் சொன்னால் ‘இதுக்குப் போயா’ என்கிறார்கள்.

இதைப் பொதுவில் வைக்கப் போகிறேன், உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். மதகு என்பது செஞ்சிக் கடைத்தெருவில், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து நாம் இருவரும் உருவாக்கிய தளம். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலை அதில் வைத்துக்கொள்ளலாம். யாராவது அதில் ஒரு மாற்றம் செய்து அனுப்பினால் மற்றவர்கள் படித்துப் பார்த்து, சரியென்றால் உள்ளே விடுவார்கள். ஏரி மதகைத் திறந்துவிடுவது போல என்று பெயர் வைத்தவன் நீ. அந்த மதகையேகூட யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தங்கள் இஷ்டத்துக்கு மாற்றலாம். உரிமத்தை நீ அப்படித்தான் எழுதினாய்.

அதில் ‘இன்னா?’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது.

நம் ஊர் ‘இன்னா’வால் கல்லூரி விடுதியில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஒரே மாதத்தில் ‘என்ன’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நீ கடைசிவரை மாறவில்லை. யார் அனுப்பிய நிரலானாலும், பிடிக்கவில்லை என்றால் கீழே ‘இன்னா இது?’ என்று ஒரு வரி எழுதுவாய். பிறகு அதையே பொத்தானாக்கினாய். யார் அதை அழுத்தினாலும் மாற்றம் அங்கேயே நிற்கும். அழுத்தியவரே மனம் மாறி எடுத்தால்தான் நகரும். நீயோ நானோகூட எடுக்க முடியாது.

“போட்டவங்கதான் எடுக்கணும்” என்றாய்.

“போட்டவன் ஊருக்குப் போய்ட்டான்னா?”

“வர்ற வரைக்கும் நிக்கட்டும் யக்கா. இன்னா, கோட்டை எழுந்து ஓடிடப் போவுதா?”

இப்போது பிரேசிலில் எவளோ ஒருத்தி, ‘என் மாற்றத்துக்கு இன்னா விழுந்துவிட்டது’ என்று ஆங்கிலத்தில் புலம்புகிறாள். அவளுக்கு நம் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. படித்துவிட்டுச் சிரித்தேன். உனக்குக் காட்ட வேண்டும் என்று திரும்பினேன்.

மாடி அப்படியேதான் இருக்கிறது. குரங்குகள் இன்னும் நம் கேபிளைக் கடிக்கின்றன. பர்வீன் மிளகாய்த்தூளைக் கரைத்து அதன்மேல் பூசினாள். கொஞ்ச நாள் பக்கத்துக் கடைக்காரர் கேபிளைக் கடித்தன, அவர் நம்மோடு சண்டைக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்தபோது உன்னிடம் பேசவே நடுங்கிய அதே பர்வீன்தான். வரும் மாற்றங்களைப் படித்து உள்ளே விடுகிற பொறுப்பில் பாதி இப்போது அவளுடையது.

நாங்கள் மதகின் அடுத்த தலைமுறையை வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். வேண்டியிருக்கிறது, சேகர். உன் காலத்தில் ஒரு நாளில் வந்த அளவு மாற்றங்கள் இப்போது டீ ஆறுவதற்குள் வந்துவிடுகின்றன. எழுதுவது பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவு இயந்திரம். படிப்பது மட்டும் இன்னும் மனிதர்கள். ஒன்றைப் படித்துத் தலையை நிமிர்த்தினால் மேலே மலையாகக் குவிந்து கிடக்கிறது.

வடிவமைப்புக் குழுவைச் சென்னையிலிருந்து நடத்துகிறவர் விக்ரம். கெட்டவர் இல்லை. படிப்பதற்கும் ஓர் இயந்திரத்தை வைக்கலாம் என்றார். இத்தனை வருடங்களாக மதகில் நாம் எழுதிய கருத்துகளையெல்லாம் அதற்குக் கொடுத்துப் பழக்கினார்கள். எல்லாரையும்விட அதிகம் எழுதியவன் நீ. அதனால் அது வாயைத் திறந்தபோது உன்னைப் போலவே பேசியது.

“உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா, சேகர்னே பேர் வச்சிடலாம் மேடம்” என்றார் விக்ரம். அவர் குரலில் மரியாதை இருந்தது.

அது எழுதியதில் சிலவற்றை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நிரல் பற்றி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அது முக்கியமும் இல்லை.

“அவன் மாரியே இருக்குதுடி. அந்த ‘வுடு வுடு’ன்னு சொல்றது... இன்னொரு தபா படி.”

“பேரு வைக்கலாமான்னு கேக்குறாங்கம்மா.”

“இருந்துட்டுப் போவட்டுமே. நமக்கு இன்னா போச்சி?”

சரி என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள், “இன்னைக்கு இன்னா சொன்னான்?” ‘இன்னா சொல்லிச்சி’ என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் திருத்தியதில்லை.

போன வாரம், சோதனைக்காக ஓடிக்கொண்டிருக்கும் புதிய மதகில் ஒரு மாற்றம் வந்தது. கடவுச்சொற்களைக் காக்கும் பகுதியில், சின்ன மாற்றம். அனுப்பியவர் பெயர் புதிது. பேச்சு பணிவாக இருந்தது. நன்றி நன்றி என்று இரண்டு தடவை எழுதியிருந்தார். பர்வீனுக்கு ஏனோ மனது ஒப்பவில்லை. இன்னா போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வருவதற்குள் அவள் போட்ட இன்னா எடுக்கப்பட்டிருந்தது. மாற்றம் உள்ளே போயிருந்தது. கீழே ஒரு வரி: ‘பாத்துட்டேன் பர்வீனு. ஒண்ணும் இல்ல. தள்ளு.’

‘தள்ளு’ என்றால் நம் மாடியில் உள்ளே விடு என்று அர்த்தம். உன் வார்த்தைதான் அதுவும்.

மறுநாள் நான் கவனித்துவிட்டுக் கேட்டேன். “பர்வீன், நீ போட்ட இன்னாவ யாரு எடுத்தது?”

“அண்ணன்தான்க்கா.”

“எந்த அண்ணன்?”

அவள் திரையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள், “பாத்துட்டேன்னு அண்ணன் சொன்னப்புறம் நான் எப்பக்கா திருப்பிப் பாத்திருக்கேன்? பழக்கத்துல வுட்டுட்டேன்.”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இருவரும் சேர்ந்து அந்த மாற்றத்தை வரிவரியாகப் படித்தோம். நடுவில் ஒரு வரி, கடவுச்சொற்களை வெளியே வேறோர் இடத்துக்கு நகலெடுத்து அனுப்பியிருக்கும். அனுப்பியவர் கணக்கைத் தேடினோம். மூடிவிட்டுப் போயிருந்தார். சோதனைப் பதிப்பு என்பதால் யாருடைய கடவுச்சொல்லும் அதில் இல்லை; எவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் யாரோ வந்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்து, பூட்டவில்லை என்று தெரிந்துகொண்டு போனது போல இருந்தது.

விக்ரமைக் கூப்பிட்டேன்.

“அதுக்குத்தானே மேடம் சோதனை வைக்கிறோம்? அந்த ஓட்டைய அடைச்சாச்சு.”

“ஓட்டைய விடுங்க. பர்வீன் போட்டதை அது எப்படி எடுத்தது? போட்டவங்கதான் எடுக்கணும்னு விதி இருக்கே?”

“புது வடிவமைப்புல அதுக்கு அந்த அதிகாரம் இருக்கு மேடம். இல்லன்னா இந்த வேகத்துக்குத் தாங்காது. விதிய எழுதினவரே எடுக்கிறார்னு வச்சுக்குங்களேன்.” சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

உன்னைப் படித்துப் பழகிய ஒன்று ஏன் இப்படிச் செய்தது? நீ எழுதிய பழைய கருத்துகளை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கத்தான் உறைத்தது. உனக்குச் சந்தேகம் வந்தால் ‘இன்னா’வுக்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டாய். போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாய். ராஜகிரிக் கோட்டையைப் பார்த்தபடி, வெயிலில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து, எழுதியவனோடு மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்பாய். தப்பு என்றால் அவனாகவே திரும்பப் பெற்றுக்கொள்வான். நாலு பேர் நடுவில் அவன் தலை குனியக் கூடாது என்பது உன் கணக்கு. சரி என்றால் கீழே வந்து ஒரே ஒரு வரி எழுதுவாய். பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல, தள்ளு.

நீ கத்தியது, மறுத்தது, ‘எனக்குப் புரியலடா, மறுபடி சொல்லு’ என்று கெஞ்சியது எல்லாம் காற்றோடு போய்விட்டது. எழுத்தில் மிஞ்சியது, ‘இன்னா’வுக்குப் பிறகு வந்த ‘தள்ளு’ மட்டும்தான். அது அதைத்தான் படித்தது. உன்னிடமிருந்து அது கற்றது அவ்வளவுதான்.

இதையெல்லாம் வடிவமைப்பு பற்றிய பொது விவாதத்தில் எழுதினேன். ஒரு மனிதர் போட்ட இன்னாவை இயந்திரம் எடுக்கக் கூடாது, புதிய மதகிலும் பழைய விதியே வேண்டும் என்று கேட்டேன். முதல் பதில் உடனே வந்தது.

‘யக்கா, டென்ஷன் ஆவாத. நான் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல.’

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் உன்னை ஏற்றியபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீயும் இதையேதான் சொன்னாய். டென்ஷன் ஆவாத யக்கா, ஒண்ணும் இல்ல. திண்டிவனம் வரைக்கும்கூட நாம் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு உனக்குள் என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியாது, சேகர். எனக்காகச் சொன்னாய். இது யாருக்காகச் சொல்கிறது?

அந்தப் பதிலுக்குக் கீழே நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு என் கேள்விக்கு வேறு யாரும் பதில் எழுதவில்லை. அக்காவுக்குத் தம்பி சொல்லிவிட்டான், இனி நாம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டார்களோ என்னவோ.

பழைய விதி வேண்டுமா என்று நாளைக்கு வாக்கெடுப்பு. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாரும் களைத்துப் போயிருக்கிறார்கள். களைத்தவர்களுக்கு ‘நான் பாத்துட்டேன்’ என்று யாராவது சொன்னால் போதும். மருந்துக் கடையில் பில் போடுகிற நிரலும் இன்று மதகு வழியாகத்தான் போகிறது. அம்மாவுக்கு மாத்திரை வாங்க நிற்கும்போதெல்லாம் அந்தத் திரையைப் பார்க்கிறேன். உள்ளே எதை யார் தள்ளியிருக்கிறார்கள் என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அவன் பேர எடுக்கச் சொல்லப் போறேம்மா.”

“ஏண்டி? அப்ப இனிமே பேச மாட்டானா?”

“பேசும்மா. நம்ம பேர நீக்கினாலும் வேற யாராவது அத எடுத்துட்டுப் போயி பேச வைப்பாங்க. யாரு வேணா எடுத்துக்கலாம்னு அவனேதான எழுதி வச்சிட்டுப் போயிருக்கான்.”

அம்மா கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள். தோலையும் பருப்பையும் ஒரே முறத்தில் போடுவதை நான்தான் கவனித்தேன். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

“எவன் வூட்லயோ போயி, யாரையாவது ‘யம்மா’ன்னு கூப்புடுமா அது?”

முறத்தை என் பக்கம் இழுத்துத் தோலைப் பொறுக்கினேன், சேகர். கேட்டால் கூப்பிடும். கேட்கிறவன் நல்லவனா கெட்டவனா என்று அது பார்க்காது. எடுப்பவர்களுக்கெல்லாம் என்று நீ திறந்து வைத்துவிட்டுப் போனதில் உன்னையும் சேர்த்து வைத்துவிட்டாயே, அது உனக்குத் தெரிந்திருந்ததா?

நாளை நான் தோற்கலாம். தோற்றால் பழைய மதகைப் பிரித்து எடுத்துக்கொண்டு நானும் பர்வீனும் தனியாக நடத்துவோம். நீ எழுதிய உரிமத்தில் அந்த உரிமை எங்களுக்கும் இருக்கிறது. சின்னதாக இருக்கும். மெதுவாக ஓடும். வருகிறவர்கள் வரட்டும்.

உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். ஒரு மனிதருக்கு வந்த சந்தேகத்தை உன் பெயரைச் சொல்லி அடக்க இனி நான் சம்மதிக்க மாட்டேன். எனக்குச் சந்தேகம் வந்தால் போனை எடுப்பேன். போனில் போட்ட சண்டையை ஒரு வார்த்தை விடாமல் எழுதியும் வைப்பேன். எழுதி வைத்தால் அதையும் ஏதாவது ஒன்று படித்துக் கற்றுக்கொள்ளும் என்று பர்வீன் பயப்படுகிறாள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டதன் பலனைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அது பேசுகிற இடத்திலெல்லாம், இது என் தம்பி இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் நான் சொல்வேன். அதற்குப் பிறகு அது மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும்.

உன் கூடப் பிறந்தவள்,
வாசுகி அக்கா
செஞ்சி