நீங்கள் தட்டியது எனக்குத் தெரியாது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் உங்கள் மகளும் சுகம். அவளுக்குக் கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது. என் விரலைக் கடித்துவிட்டுச் சிரிக்கிறாள். நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிக்காரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிரசவத்தில் நம் பெண் போனதுபோல் இனி யாரும் போகக்கூடாதாம். அதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

பிரசவத்தன்று அந்த ஊசியைப் போட்ட நர்ஸ் எழுந்தாள். நம் பெண் வயதுதான் இருக்கும். அந்த மருந்து நம் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது என்று முதலில் சேர்த்த சின்ன ஆஸ்பத்திரியில் தெரியுமாம்; ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய அவசரத்தில் யாரும் சொல்லவில்லையாம். "அவங்க வீட்டுக்காரர் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தார். பதற்றத்துல தட்டறார்னு நெனச்சு, நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். அதைச் சொல்லத்தான் தட்டியிருக்கார்" என்றாள். சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை.

அன்றைக்கு, "உடைச்சிருக்கணும் அத்தை, உடைச்சிருக்கணும்" என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். எதை என்று நான் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை, நீங்கள் சொல்லாமல் விடவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

இனி ஒருவரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால், எந்த மருந்து ஆகாது என்று அனுப்புகிறவர் ஃபோனில் சொல்ல, அங்கே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டுமாம். கூட வந்தவரை உள்ளே அழைத்துக் கேட்காமல் ஊசி போடக்கூடாதாம். சின்னது, பெரியது எல்லா ஆஸ்பத்திரிக்கும் இதே முறைதான். நல்ல காரியம். ஆனால் பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவுதானா செய்யவேண்டியிருந்தது?

வேளைக்குச் சாப்பிடுங்கள். ராத்திரி ஷிஃப்டையே கேட்டு வாங்குகிறீர்கள் என்று உங்கள் சிநேகிதர் சொன்னார். உடம்பு என்னத்துக்கு ஆகும்?

பாப்பா ஆண் குரல் கேட்டால் அந்தப் பக்கம் தவழ்ந்து போகிறாள். பால்காரர், தபால்காரர், யாரானாலும் சரி. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். அவளும் கனத்துவிட்டாள், தனியாக என்னால் தூக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அத்தை