பன்றி தின்ற மாத்திரைகள்

அன்புள்ள மகன் பெனியாமினாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முதல் வார்த்தையிலேயே பேனா பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டது. இந்த வீட்டில் இப்போது சுகமாக இருப்பது நம் பன்றி ஒன்றுதான். நீ பிரிஸ்பேனில் நன்றாக இருப்பது தெரியும், வீடியோவில் தினமும் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுகிறாயே.

உன் அப்பாவின் இடது காலில் சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். சின்ன ஆபரேஷன் என்று உன் தங்கை செலூயா போனில் சொன்னாளாம். அவளுக்கு உன் மேல் இரக்கம் அதிகம், எனக்கு இந்த மாதம் இரக்கம் கையிருப்பில் இல்லை. முழு உடல் வைத்தியம் படித்தேன் என்று சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயே, முழுசாக இருந்த மனுஷனைக் குறைத்த வைத்தியத்துக்கு அந்தப் பேரை யாரடா வைத்தது? பிப்ரவரியில் நீ அவரிடம் போனில் சொன்னதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். "அப்பா, ஆஸ்பத்திரி மாத்திரை எல்லாம் உடம்புல விஷமா தங்கிடும், மொதல்ல அதக் கழுவி வெளியேத்தணும், அப்பத்தான் நம்ம முன்னோர் மருந்து வேல செய்யும், அம்மாகிட்ட சொல்லாதீங்க, அவங்களுக்கு இதெல்லாம் புரியாது." எனக்குப் புரியாது! ஊசி போட்ட உடம்பில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று நம் சவாயித் தீவில் பாதிப் பேர் பயப்படுவது உனக்குத் தெரியும், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்துவிட்டாய். நீ அனுப்பிய பச்சைப் பொடியை அவர் கொட்டகையில் ஒளித்து வைத்துத் தின்றார். நான் கையில் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பின்பக்கம் போய்ச் சேப்பங்கிழங்குத் தோலோடு பன்றிக்குப் போட்டார். நாலு மாதம். அந்தப் பன்றிக்குச் சர்க்கரை வியாதி இருந்திருந்தால் இந்நேரம் குணமாகியிருக்கும்.

கேமராவுக்கு முன்னால் நான் வைத்தியச்சியின் மகன் என்று நெஞ்சைத் தட்டுகிறாய். இந்த வைத்தியச்சி யாருடைய மாத்திரையையாவது நிறுத்தி நீ பார்த்திருக்கிறாயா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் படியேறினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்பதுதான். எது என் கைக்குக் கேட்கும், எது கேட்காது என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று, நீ ஆறு வாரத்தில் முடித்துவிட்டாய்.

ஜூன் கடைசி ஞாயிறு, எப்போதும் செருப்போடு கோயிலுக்கு வருகிற உன் அப்பா ஷூ போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாம் பாட்டு நடக்கும்போது ஒரு நாற்றம், பெஞ்சுக்கு அடியில் எலி செத்திருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் விரல் கறுத்துக் கிடக்கிறது. அடுத்த படகில் ஏற்றி உப்போலுத் தீவுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் ஒரு சின்னப் பெண், குழந்தையில் அவள் வயிற்றை நான்தான் தடவிவிட்டேன், அவள் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "இலையும் எண்ணெயும் போட்டுப் போட்டுத்தானே இப்படி ஆச்சு, ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா வெரல் தப்பிச்சிருக்கும்மா" என்றாள். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமா, இவதான் மாத்திரைய நிறுத்தச் சொன்னா" என்றார். உன்னைக் காப்பாற்ற என்னைத் தூக்கிப் போட்டார். அந்தப் பேச்சு எங்களுக்கு முந்திய படகிலேயே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாதர் குழுத் தலைவி பாதையில் நின்று, "இனிமே பிள்ளைங்கள நர்ஸ்கிட்டயே காட்டிக்குவோம், உனக்கும் வயசாகுது பாரு" என்றாள். மூன்று வாரமாக ஒரு குழந்தைகூட நம் படியேறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் காலை நீட்டி, தேய்த்துவிடு என்றார். வீட்டில் ஒவ்வொருவரும் மறைத்து வைத்ததைச் சொல்லித் தீர்க்காதவரை நான் நோயாளி மேல் கை வைக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், என் புருஷனுக்கும் அதே சட்டம்தான். இரண்டு நாள் வீம்பு பிடித்தார், மூன்றாம் நாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். கட்டு மாற்றப் போனபோது அந்த டாக்டர் பெண்ணிடமும் தானே சொன்னார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா, கட்டுக்கு மேல முழங்கால் வரைக்கும் நீங்க தேய்க்கலாம்" என்றாள். அடுத்தது என் முறை. அவர் நொண்டுவதை நான் இரண்டு மாதமாகப் பார்த்தேன், பெனியாமினா. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அப்பனும் மகனும் போனில் குசுகுசுக்கிறார்கள், கூடப் படுக்கிறவளின் கையை விட்டுவிட்டு வேறு எதையோ நம்புகிறார்கள், வரட்டும், தானாக வந்து கேட்கட்டும் என்று ரோஷம். ஊர்க் காலையெல்லாம் பார்க்கிறவள் என் பாயில் கிடந்த காலைப் பார்க்கவில்லை. இதை அவர் முன்னாலும் செலூயா முன்னாலும் சொல்லிவிட்டேன். உன்னிடமும் இதோ சொல்லிவிட்டேன்.

மிச்சம் நீ. உன் வீடியோவைச் செலூயா காட்டினாள். உன் அப்பா ஈரப்பலா மரத்தடியில் சிரிக்கிறார், மாத்திரையை விட்டார், பத்து வயசு குறைந்தது என்று நீ பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அது இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே யாரோ ஒரு பெண், "எங்க அம்மாவும் இன்னிக்கு நிறுத்திட்டாங்க தம்பி, ரொம்ப நன்றி" என்று எழுதியிருக்கிறாள். நீ அதற்கு ஒரு இதயப் படம் போட்டிருக்கிறாய். இதயமாம்! அந்த அம்மாவுக்குக் கால் இல்லையா, கண் இல்லையா, அவளுக்கு ஏதாவது ஆனால் யாருடைய எண்ணெயைக் குற்றம் சொல்வார்கள்?

வீடியோவைச் சத்தமில்லாமல் அழிக்காதே, அழிப்பதும் மறைப்பதுதான். அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வாயால், அப்பாவுக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று சொல். பொடி, பரிசு, மன்னிப்புக் கேட்கும் பூங்கொத்து எதையும் இங்கே அனுப்பாதே. நீ சொல்லும்வரை அவர் காலை நான் தொடப்போவதில்லை. வலிக்கிறது என்கிறார். எனக்கும் வலிக்கிறது.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. எங்களுக்குப் பதில் எழுதுவது இருக்கட்டும், முதலில் அந்தப் பெண்ணுக்கு எழுது. அவளுடைய அம்மா இன்றைக்கு மாத்திரை போட்டாளா என்று கேள்.

கோபம் ஆறாத உன் அம்மா,
லங்கிமைனா