உயிரோடு இருக்கும் அப்பா

உயிரோடு இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் அனுப்பிய புது ஷூவை நம் மகள் இட்செல்லிடமிருந்து பள்ளிக்கூட வாசலிலேயே டீச்சர்கள் கழற்றி வாங்கிவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய அமெரிக்க சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வெறுங்காலில் நிற்கிற பிள்ளைக்கு அவர்கள் ஷூ மாட்டிப் படம் பிடிக்க வேண்டுமாம்.

"அப்பா எங்கேன்னு கேட்டா செத்துட்டார்னு சொல்லு" என்று ஒஃபேலியா டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிள்ளையும் சொல்லிவிட்டது. வந்தவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்களாம்.

நேரே டீச்சரிடம் போய்க் கத்தினேன்.

"அவங்க குடுக்கற காசுல பள்ளிக்கூடம் நடக்க வேணாமா? இதுல உனக்கு என்னடி குறைஞ்சுபோச்சு?" என்றாள்.

"ஒரு புருஷன்" என்றேன்.

வந்தவர்களின் பனியனில் நீங்கள் கூரை வேலை செய்யும் ஊரின் பெயர்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த சர்ச்சுக்குப் போங்கள். நம் பிள்ளையின் படத்தை மாட்டியிருப்பார்கள். அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் விதவையாகாத உங்கள் மனைவி