முனை உடைந்த முன்பல்

இன்று காலை உன் பற்களின் அச்சு மறுபடியும் முப்பரிமாண பிரிண்டரிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. மூடியைத் திறந்ததும், அச்சாக இறுகும் ரெசின் திரவத்தின் அந்தக் காட்டமான வாடை. மாரடைப்பில் நீ போய் எட்டு மாதமாகிவிட்டது. இருந்தும் இந்த வாடை வந்தால் என் தலை உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிடுகிறது, மாப்ள.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, குன்னூரில் பல் கட்டிக்கொள்ள வருகிறவர்களே குறைந்துபோன நேரத்தில்தான் பல் செய்து தரும் நம் லேபுக்கு பிரிண்டர் வாங்க வேண்டும் என்று நின்றாய். "மாவு வச்சு அளவெடுக்கறதெல்லாம் போச்சு. இனி டாக்டருங்க வாயை ஸ்கேன் பண்ணித்தான் அனுப்புவாங்க." நான் கடன் கணக்குப் போட ஆரம்பித்தேன். நீயோ விளம்பரத் தாள் எதையும் புரட்டவில்லை. உன் மேல்வரிசையை ஸ்கேன் செய்து, விற்க வந்த எல்லாரிடமும் அதையே அச்சடித்துத் தரச் சொன்னாய். "என் முன்பல்லு மொனை உடைஞ்சிருக்குதுல்ல, அது அப்படியே வருதான்னு பாரு. அது மழுங்குனா, அந்த அச்சு மேல நாம கட்டற பல்லு எவன் வாயிலயும் உக்காராது." ஸ்கூட்டரிலிருந்து விழுந்து உடைந்த பல் அது. ஊருக்கெல்லாம் வர்க்கி கடித்து உடைந்ததாகப் புளுகினாய்.

பிரிண்டர் வந்த மார்கழியில் நான் செய்த கூத்து! குளிரில் ரெசின் பாகாகிவிட்டது. உறைந்த தேங்காய் எண்ணெயை வெயிலில் வைக்கிற பழக்கத்தில், ரெசின் ஊற்றிய தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டேன். வெயில் பட்டால் இறுகிவிடும் சரக்கு என்பது புத்தியில் ஏறவில்லை. டீ குடித்துவிட்டு வந்தால் தட்டு முழுக்கக் கல். நீ அதைத் தட்டிப் பார்த்து, "ஏன் மாப்ள, தலைக்குத் தேய்க்கலாம்னு இருந்தியா?" என்று சிரித்தாய். பிறகு புது பாட்டிலை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு, பிள்ளைத்தாச்சி மாதிரி லேபுக்குள் நடந்து நடந்தே அதைச் சூடேற்றினாய்.

இப்போது அந்த ரெசின் வருவதே இல்லை. மாற்றாக வாங்கியதில் அச்சடித்து, அதன் மேல் கோத்தகிரி டாக்டருக்குச் செய்த, மூன்று பல்லைச் சேர்த்துக் கட்டிய பிரிட்ஜ் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. "இந்தத் தடவையும் உக்காரலைன்னா கோயமுத்தூர் லேபுக்கே குடுத்துர்றேனுங்க" என்கிறார். அவரும் போனால் லேபை மூட வேண்டியதுதான். பயமாக இருக்கிறது, மாப்ள. அதனால்தான் புதிதாக வந்த இரண்டு ரெசினிலும் உன் பல்லை அச்சடித்துப் பார்த்தேன். ஒன்றில் முனை மழுங்கியிருந்தது. மற்றதில் முனை என் விரலைக் கீறியது. இந்தக் கீறல்தான் சரி என்று சொல்ல நீ இல்லையே. நானே சொல்லிக்கொண்டு, அந்த பாட்டிலை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன்.

மேலே எழுதி ஆறு நாளாகிறது. அந்த ரெசினில் அச்சடித்து, பிரிட்ஜைப் புதிதாகக் கட்டி அனுப்பியதிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சற்று முன்தான் டாக்டர் போன் செய்தார். "உக்காந்துருச்சுங்க. ஒரு சுரண்டல் கூடத் தேவைப்படலைங்க."

போனை வைக்கக்கூட இல்லை, "மாப்ள, உக்காந்துருச்சு!" என்று உன் நாற்காலியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

மழுங்கிய அச்சைக் குப்பையில் போட மனம் வரவில்லை, இழுப்பறையில் வைத்துவிட்டேன். கீறிய அச்சு என் ஸ்வெட்டர் பையிலேயே கிடக்கிறது. அடுத்த ஸ்கேன் வந்து பயம் பிடிக்கும்போது, அந்த உடைந்த முனையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொள்வேன்.