உங்கள் அண்ணன் போட்ட காங்கிரீட்

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.11.1989

நாட்டைக் காக்கும் மிலிட்டரிக்காரருக்கு,

இங்கே யாரும் நனையவில்லை. ஒரு வாரமாகப் படுக்கை பக்கத்து வீட்டில்.

நான் சொன்ன லைசென்ஸ் காண்ட்ராக்டர் வேண்டாம், கல்யாணப் பந்தல் போடும் என் அண்ணனே வீட்டைக் கட்டட்டும் என்று எழுதினீர்களே, அந்த மேதையின் வேலையைக் கேளுங்கள். காங்கிரீட் போட்ட எட்டாம் நாளே, முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளை எல்லாம் உருவி ஆடிப்பூரப் பந்தலுக்குக் கொண்டுபோய்விட்டார். "ஆண்டாளுக்குத்தானம்மா, அவ பாத்துக்கிடுவா" என்றார். ஆண்டாள் பந்தலைப் பார்த்துக்கொண்டாள். நம் வீட்டுத் தளம் நடுவில் தொய்ந்து, வெடித்து, ஐப்பசி மழையை அப்படியே உள்ளே விடுகிறது.

நேற்று நியாயம் கேட்க ராஜபாளையம் போனேன். உங்கள் அண்ணன் தன் வீட்டுக்கு மாடி கட்டுகிறார். மேலே நின்று வேலை வாங்குகிறவர், நீங்கள் வேண்டாம் என்ற அதே லைசென்ஸ் காண்ட்ராக்டர். தளம் போட்டு இருபது நாளாகியும் ஒரு கம்பைக்கூடத் தொடவிடவில்லையாம்.

"என்ன அத்தான் இது?" என்று கேட்டேன்.

கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "பிள்ளைக பொழங்குற வீடும்மா. கண்ட ஆள வச்சுக் கட்ட முடியுமா?"

இப்படிக்கு,
உங்கள் மூன்று பிள்ளைகளின் அம்மா