மடவிளாகத் தெருவில் ஒரு சாவு

ஐப்பசி 16, வெள்ளி

தூறல். மண்டிக்குக் கடலை வரத்து இல்லை. தார்ப்பாய் இரண்டும் கிழிசல், மாற்ற வேண்டும்.

செல்லம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மெட்ராஸில் படிக்கும் எங்கள் மகள் மங்கைக்குத் தந்தி கொடுத்தாயிற்று. நாளை சாயங்கால ரயில். செ. இரண்டு தரம் கேட்டாள், மங்கை வந்தாளா என்று.

ஐப்பசி 17, சனி

விடியலில் செ. போய்விட்டாள். அழுகை வரவில்லை. பல் துலக்கினேன். காபி குடித்தேன்.

குருக்கள் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். இன்று கோயிலில் அன்னாபிஷேகம். தெருவில் பிணம் கிடக்கிறவரை நடை திறக்கக் கூடாதாம், சாமிக்குச் சோறு வடிக்கக் கூடாதாம். மகள் வரட்டும் என்றேன்.

"தப்பா எடுத்துக்காதேள் முதலாளி. என் தாயார் போனப்பவும் உடனே எடுத்துட்டோம்."

மடவிளாகம் என்றால் எவரோ கட்டிய மடம் என்று நினைத்துத்தான் இங்கே வீடு வாங்கினேன். எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியாரைக் கேட்டேன். பழைய கல்வெட்டுகளில் திருமடைவிளாகம் என்று வருமாம். மடை, சாமிக்குப் படைக்கும் சோறு. விளாகம், சூழ்ந்த இடம்.

"மதிலுக்கு வெளிய இருந்தாலும் கோயில்ல சேந்ததுதாண்ணே. நீங்க உள்ளதான் குடியிருக்கீங்க."

என் அப்பனை இந்த மதில் பக்கம் அண்ட விட்டதில்லை. நான் உள்ளே இருக்கிறேனாம். சிரிப்பும் வரவில்லை.

நடை திறக்கக் காத்துத் தெருவில் கூட்டம். எரித்துவிட்டால் மங்கைக்குத் தாய் முகம் இல்லை. யோசித்தேன். மண்டி ரயிலடிப் பக்கம். அங்கே எந்தச் சாமிக்கும் பங்கம் இல்லை. அங்கே கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன். குருக்கள், தெருவைத் தாண்டினால் போதும் என்றார். அக்காதான் மறித்தாள்.

"எடுத்தா சுடுகாட்டுக்குத்தான்டா. நடுவுல எறக்குவாங்களா? அவ என்ன மூட்டையா?"

இறக்கினேன்.

மூட்டைகளை ஓரம் தள்ளி பெஞ்சு போட்டாயிற்று. ஐஸ் கட்டி, ஊதுவத்தி. தராசைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கோயில் மணி கேட்டது. சோறு வடித்திருப்பார்கள்.

ஐப்பசி 18, ஞாயிறு

மழை இல்லை. காலையில் சுடுகாட்டில் சாம்பலுக்குப் பால் தெளித்துவிட்டு வந்தோம்.

நேற்று ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. மங்கை மண்டி வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏம்ப்பா, அம்மாவ ஏன் கடையில வச்சிருக்க?"

சொன்னேன். தெரு, குருக்கள், மடை, விளாகம், எல்லாம். அவள் காதில் ஏறவில்லை. குனிந்து, அம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.